வீட்டை நோக்கிச் சரியும் கான்கிரீட் பாதைக்கு எந்த வடிகால் பொருந்தும்?

வீட்டை நோக்கிச் சரிந்திருக்கும் கான்கிரீட் வாகனப் பாதையில் பெய்யும் மழை, மண் தரையில் பெய்யும் மழையைப் போல ஊறிக் குறைவதில்லை. விழுந்த நீரில் பெரும்பகுதி சரிவைப் பிடித்து ஓடிவந்து, வழியில் அதை வாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லையென்றால், கார் நிறுத்தும் அறையின் கதவடியில் தேங்கி நிற்கிறது. கதவின் ரப்பர் விளிம்பைத் தாண்டி உள்ளே போக அதற்கு அதிக நேரம் ஆவதில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது, ரெடிமேட் வாய்க்கால் பதிப்பதா, கொத்தனாரை வைத்துக் கான்கிரீட்டிலேயே வாய்க்கால் கட்டுவதா என்பதுதான். கேள்வி சரியானது, ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. வாய்க்காலில் இறங்கும் நீர் எங்கே போய்ச் சேரும், அங்கே போவதற்கு எவ்வளவு இறக்கம் கிடைக்கும், ஆண்டுதோறும் தூர்வாரப்போவது யார் ஆகிய மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு வகைகளை ஒப்பிட்டால், பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

முதலில் நீரின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 4 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள பாதையின் பரப்பு 60 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. என்ற வேகத்தில் கொட்டும் கனமழையில் அதன்மேல் மணிக்கு 6,000 லிட்டர், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 1.7 லிட்டர் சேரும். பத்து லிட்டர் வாளியை ஆறு விநாடிக்கு ஒருமுறை வாசலில் கவிழ்ப்பதற்கு இது சமம். கூரையிலிருந்து இறங்கும் குழாயும் இதே பாதையில் ஊற்றுகிறது என்றால், கூரையின் பரப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த நீரைத் தனிக்குழாயில் பிரித்து வெளியே விட்டுவிட முடியுமானால் வாய்க்காலின் சுமை வெகுவாகக் குறையும், ஆகவே எந்த வாய்க்காலை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் இதைச் செய்வதே நல்லது. 100 மி.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய், மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கத்தில் அமைந்தால், விநாடிக்கு 5 லிட்டர் அளவுக்குக் கொண்டுபோகும். எனவே சாதாரண வீட்டுப் பாதையில் குழாயின் பருமன் பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. பிரச்சினை தருபவை இறக்கமும், மேல்மூடியின் திறப்பும், உள்ளே சேரும் வண்டலும்தான்.

கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் இந்த இறக்கத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். பாதையின் மிகத் தாழ்ந்த இடத்தில் வாய்க்கால் வருகிறது, அதன் வெளிவாய் தரைமட்டத்துக்கு 20 செ.மீ. கீழே இருக்கிறது, நீரைக் கொண்டுபோய் விடும் இடம் அங்கிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் கொடுத்தால் குழாய் மேலும் 20 செ.மீ. இறங்கும். ஆக, நீர் விழும் இடம் வாய்க்காலின் மேல்மட்டத்தைவிடக் குறைந்தது 40 செ.மீ. தாழ்வாக இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் மழைக்காலத்தில் நீர் எந்த உயரத்துக்கு நிற்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்; நிரம்பி வழியும் தெருவடிகாலில் முடியும் குழாய், நம் நீரை வெளியே விடாமல் வெளிநீரை நம் வாசலுக்குக் கொண்டுவரும். இதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், நீர் நிரப்பிய டியூப் லெவலும் ஓர் அளவுநாடாவும் போதும்; இரண்டு பேர் சேர்ந்தால் அரை மணி நேர வேலை.

நீர் போய்ச் சேரும் இடமாகக் கழிப்பறைக் குழாயையோ கழிவுநீர்த் தொட்டியையோ எவரும் பரிந்துரைத்தால் ஏற்கக் கூடாது. பல ஊர்களில் அது சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்க, கனமழையின் வேகத்தை அந்த அமைப்பு தாங்காது; பின்னோக்கி ஏறும் கழிவுநீர் வீட்டுக்குள்தான் வரும். மழைநீர் வடிகால், தோட்டத்தின் தாழ்ந்த பகுதி, கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து போதிய தொலைவில், குறைந்தது 5 மீட்டராவது தள்ளித் தோண்டிய உறிஞ்சுகுழி ஆகியவைதான் முறையான இடங்கள். களிமண் நிலத்தில் உறிஞ்சுகுழியை மட்டும் நம்புவது சரியன்று. ஒரு குழி தோண்டி நீரை ஊற்றி, மறுநாள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்த பின்பே அதை முடிவு செய்ய வேண்டும். எந்த இடமும் தாழ்வாக இல்லையென்றால் தொட்டியும் பம்பும்தான் வழி. ஆனால் மின்சாரம் நின்றுபோவதும் பெருமழை பெய்வதும் சேர்ந்தே வரும் என்பதை எண்ணிப் பார்த்தால், பம்புக்குப் போகும் நீரை இயன்றவரை குறைப்பதே அறிவுடைமை என்பது விளங்கும்.

இனி வகைகளுக்கு வருவோம். மிக எளியதும், என் கருத்தில் உரிய மதிப்பைப் பெறாததும், மூடியில்லாத தட்டை வாய்க்கால். பாதையின் குறுக்கே 30 முதல் 45 செ.மீ. அகலத்தில், நடுவில் 3 அல்லது 4 செ.மீ. மட்டும் தாழ்ந்து, தாம்பாளத்தின் ஓரம்போல இருபுறமும் மெல்ல உயரும்படி கான்கிரீட்டை வளைத்து வார்ப்பது இது. இதில் திருடுபோக மூடி இல்லை, துருப்பிடிக்கச் சட்டம் இல்லை, அடைத்துக்கொள்ள மூடிய இடம் இல்லை. துடைப்பத்தால் ஒருமுறை தள்ளினால் தூர்வாரியாயிற்று. இதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு: பாதையின் ஒரு பக்கத்தில், தரைமட்டத்திலேயே நீர் வெளியேறிப் போகத் தாழ்வான நிலம் இருக்க வேண்டும். அந்த வசதி இருப்பவர்கள் மூடியிட்ட வாய்க்காலுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. கார் ஏறி இறங்கும்போது ஒரு சிறு அசைவு தெரியும். அடிப்பாகம் மிகத் தாழ்ந்த கார்களுக்கு வளைவை இன்னும் அகலமாக்கிச் சரிசெய்யலாம். வீட்டின் இருபுறமும் மதில் இருந்து பக்கவாட்டில் வழியே இல்லாதவர்களுக்கு இது பயன்படாது.

அவர்களுக்கு நீர் தரைக்கடியில்தான் போக வேண்டும், ஆகவே உண்மையான போட்டி ரெடிமேட் வாய்க்காலுக்கும் அங்கேயே வார்க்கும் வாய்க்காலுக்கும் இடையில் வருகிறது. ரெடிமேட் வாய்க்கால்கள் பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்றன் முனை மற்றொன்றில் பொருந்துமாறு கிடைக்கின்றன. வீடுகளுக்கு 100 மி.மீ. உள்ளகலம் கொண்டவை பொதுவாகப் போதும். பிளாஸ்டிக்கில் செய்தவை எடை குறைந்தவை, சாதாரண ரம்பத்தால் அறுக்கலாம், ஒருவரே தூக்கிப் பதிக்கலாம். பாலிமர் கான்கிரீட் என்பது சிமென்டுக்குப் பதிலாக ரெசின் என்ற செயற்கைப் பிசினைப் பிணைப்பாகக் கொண்ட வார்ப்பு. அது கனமானது, வைரப் பிளேடு இல்லாமல் அறுக்க முடியாது, கவனமில்லாமல் போட்டால் முனை உடையும், ஆனால் சுற்றியுள்ள கான்கிரீட்டோடு நன்றாக ஒத்துப்போகும். இந்த ஒத்துப்போதலை வெறும் பேச்சாகக் கொள்ளக் கூடாது. பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வெப்பத்தில் விரியும் அளவு, கான்கிரீட் விரியும் அளவைப் போல் பத்து மடங்குக்கும் அதிகம். வெயிலில் காயும் பாதையில் நீளமான பிளாஸ்டிக் வாய்க்கால், சுற்றுக் கான்கிரீட்டில் சரியாகப் பிடிமானம் பெறாவிட்டால், இணைப்புகளில் வாய் பிளக்கவும் பக்கச் சுவர்கள் உட்புறமாக வளையவும் அதுவே காரணமாகிறது.

ரெடிமேட் வகையின் உண்மையான சிறப்பு அதன் பொருளில் இல்லை, அடித்தளத்தின் வழவழப்பிலும் வாட்டத்திலும் இருக்கிறது. சில வகைகளில் ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடச் சற்று ஆழமாக, எண் இடப்பட்டு, வரிசையாக அடுக்கினால் வாட்டம் தானாக அமையுமாறு வார்க்கப்பட்டிருக்கிறது. மீட்டருக்கு 5 மி.மீ. அளவிலான இறக்கம் அதிலேயே இருக்கும். மேல்விளிம்பு மட்டமாக இருக்க, உள்ளே நீர் மட்டும் இறங்கிப் போகும். மட்டமான அடித்தளம் கொண்ட துண்டுகளும் விற்கின்றன, அவை மலிவு. ஆனால் அவற்றில் நீர் நகர்வது பின்னால் சேரும் நீரின் அழுத்தத்தால் மட்டுமே என்பதால், மழை ஓயும்போது கடைசி நீரும் அதோடு வந்த மண்ணும் அங்கேயே தங்கிவிடும். 2 மீட்டர் நீளத்துக்கு அது பெரிய குறையன்று. 4 மீட்டரைத் தாண்டினால் வாட்டமுள்ளதையே வாங்க வேண்டும், அல்லது வெளிவாயை நடுவில் வைத்து இருபுறமிருந்தும் நீர் வருமாறு செய்ய வேண்டும்.

அங்கேயே வார்க்கும் வாய்க்காலின் பக்கம் சொல்ல வேண்டிய நியாயங்களும் உண்டு. அகலமும் ஆழமும் நம் விருப்பம்; 20 அல்லது 25 செ.மீ. அகலம் தேவைப்படும் இடத்தில், குறிப்பாக நீளமான, செங்குத்தான பாதையின் அடியில், ரெடிமேட் துண்டுகளைவிட இது குறைந்த செலவில் முடியக்கூடும். கை நுழையும் அகலமிருப்பதால் மண்வாரியால் அள்ளிச் சுத்தம் செய்யலாம். நல்ல கொத்தனார் கிடைத்தால் இது ரெடிமேட் வாய்க்காலுக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. ஆனால் எல்லாம் அந்த ஒருவரின் கையில் இருக்கிறது: பலகை அடைப்பு நேராக இருக்க வேண்டும், அடித்தளத்தில் வாட்டம் விட்டுப்போகக் கூடாது, உட்புறம் வழவழப்பாகப் பூசப்பட வேண்டும், மூடி உட்காரும் இரும்புச் சட்டம் நங்கூரக் கம்பிகளோடு கான்கிரீட்டில் புதைய வேண்டும், பிறகு ஏழு நாளாவது ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் செய்தது இந்த வகைதான். நான்கரை மீட்டர் நீளம். பூச்சு முடிந்த அன்று மாலை, ரசமட்டத்தை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, தண்ணீர் தானாகப் போய்விடும் சார் என்று பதில் வந்தது, நானும் விட்டுவிட்டேன். முதல் மழை நின்ற மறுநாள் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, நடுவில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு விரற்கடை ஆழத்தில் நீர் நின்றது. அடித்தளம் அந்த இடத்தில் பள்ளமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அந்த நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து கொசு பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். குழந்தைகள் விளையாடும் வாசலில் கொசு வளர்க்கும் தொட்டியை நாமே கட்டி வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் என்னை வெகுநாள் உறுத்தியது. மேலே பூச்சு கொடுத்துப் பள்ளத்தை நிரப்பினோம்; மெல்லிய பூச்சு என்பதால் ஓராண்டில் பெயர்ந்துவிட்டது. அதன் பிறகே உடைத்து, வாட்டமுள்ள ரெடிமேட் துண்டுகளைப் பதித்தோம். அன்று ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்த்திருந்தால், சிமென்ட் ஈரமாக இருந்தபோதே பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம்.

மேல்மூடியைத் தேர்ந்தெடுப்பதில் பலர் அழகை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சுமைத் தரம். ஐரோப்பியத் தரநிலை 1433 வடிகால் வாய்க்கால்களை ஏ15, பி125, சி250, டி400 முதலிய தரங்களாக வகுக்கிறது. எண்கள் சோதனைச் சுமையைக் கிலோநியூட்டனில் குறிப்பவை. 15 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒன்றரை டன் எடை, 125 என்பது பன்னிரண்டரை டன். ஏ15 நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் உரியது. ஒரு காரின் சக்கரம் அரை டன் அளவுக்குத்தான் அழுத்துகிறது, ஆகவே ஏ15 போதுமே என்று தோன்றலாம். ஆனால் சக்கரம் பிரேக் பிடித்து நிற்பதும், நின்ற இடத்திலேயே திரும்புவதும், விளிம்பில் மோதி ஏறுவதும் வெறும் எடையைவிடக் கடுமையானவை. கார் ஏறும் இடத்தில் பி125க்குக் குறைந்ததை வைக்கக் கூடாது. பாரமேற்றிய லாரி எப்போதாவது உள்ளே வரும் என்றால் சி250 வேண்டும். இந்தத் தரம் வாய்க்கால் துண்டுக்கு மட்டும் உரியதன்று, அதைச் சுற்றி வார்க்கும் கான்கிரீட்டோடு சேர்த்துத்தான் அது கிடைக்கிறது. அடியிலும் இருபுறமும் குறைந்தது 100 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட் இல்லாமல், மண்ணில் உட்காரவைத்து ஓரத்தில் சாந்து பூசிய வாய்க்கால், எந்த முத்திரை பெற்றிருந்தாலும் சில மாதங்களில் ஆடத் தொடங்கும்.

மூடியின் பொருளைப் பொறுத்தவரை, வார்ப்பிரும்பு உறுதியானது, கனத்தாலேயே இடத்தில் நிற்கும். துத்தநாகம் பூசிய எஃகு இலகுவானது, ஆனால் நீளத்துக்கு அறுத்த முனையில் பூச்சு போய்விடுவதால் அங்கே துரு முதலில் பிடிக்கும், அறுத்த உடனே துத்தநாக வண்ணம் பூச வேண்டும். பிளாஸ்டிக் மூடியைக் கார் ஏறாத இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் போல்ட் போட்டு முடுக்கும் வகையாக இருக்கட்டும். முடுக்காத மூடி, ஒவ்வொரு முறை கார் ஏறும்போதும் எழுப்பும் ஓசை, இரவில் அண்டை வீட்டாரையும் எழுப்பும். தவிர, இரும்பு மூடிகள் காணாமல்போவதும் அரிதன்று. திறப்புகள் மிதிவண்டிச் சக்கரம் போகும் திசையில் நீளமாக இருக்கக் கூடாது என்பதையும் வாங்கும்போது பார்க்க வேண்டும்.

மூடியே தெரியாமல், ஒன்றரைச் செ.மீ. அகலமுள்ள பிளவு மட்டும் மேலே தெரியும் வகையும் இருக்கிறது. பார்க்க மிக அழகானது. ஆனால் மரங்கள் உள்ள வாசலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உள்ளே போன சருகையும் சேற்றையும் வெளியே எடுக்க, முனையில் உள்ள சிறு திறப்பு வழியாக நீரைப் பீய்ச்சித் தள்ளுவது மட்டுமே வழி. ஜல்லி நிரப்பி, துளையிட்ட குழாயைத் துணிவடிகட்டியால் சுற்றிப் புதைக்கும் வடிகாலையும் சிலர் இதற்கு மாற்றாகக் கருதுகிறார்கள். அது பக்கத்து மண்ணிலிருந்து ஊறிவரும் நீரை வாங்குவதற்கு ஏற்றது; கான்கிரீட் மேல் வேகமாக ஓடிவரும் நீரை அந்த வேகத்தில் விழுங்காது, மேலிருந்து வரும் மண்ணால் சில ஆண்டுகளில் அடைபடவும் செய்யும். மேட்டுப் பக்கத்துத் தோட்டத்தின் ஈரம் பாதைக்குள் கசிகிறது என்றால் பாதையின் ஓரத்தில் அதைப் போடலாம், குறுக்கே வரும் வாய்க்காலுக்குப் பதிலாக அன்று.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பலரும் வாய்க்காலைக் கதவை ஒட்டியே கேட்கிறார்கள். அங்கேதான் நீர் சேர்கிறது என்பதால் அது இயல்பு. ஆனால் சரிவு செங்குத்தாக இருந்தால் நீர் மூடியின் கம்பிகள் மேல் சறுக்கி அப்பால் தாண்டிவிடும், கதவை ஒட்டியிருந்தால் அந்த மிச்சம் நேராக உள்ளேதான் போகும். முடிந்தால் கதவிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, வாய்க்காலுக்கும் கதவுக்கும் இடைப்பட்ட துண்டுத் தரையை வாய்க்காலை நோக்கி, மீட்டருக்கு 1 அல்லது 2 செ.மீ. எதிர்ச்சரிவாக மாற்றிவிட வேண்டும். நீளமான பாதையில் மேட்டின் நடுவில் ஒரு தட்டை வாய்க்காலும் அடியில் ஒரு மூடியிட்ட வாய்க்காலும் என்று இரண்டாகப் பிரிப்பது, அடியில் ஒரே பெரிய வாய்க்காலை வைப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஏற்கெனவே போட்ட கான்கிரீட்டை வெட்டிப் பதிப்பவர்களுக்குச் சில கூடுதல் கவலைகள் உண்டு. பாதைக்கு அடியில் அறையோ தொட்டியோ இருந்தால், கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் ஒரு கோடுகூட வெட்டக் கூடாது. மண்மேல் போட்ட தளமானாலும் மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று தெரிந்துகொண்ட பிறகே பிளேடை இறக்க வேண்டும். வெட்டும்போது நீர் விட்டு வெட்டுவதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம். கான்கிரீட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. இரண்டு கோடுகளுக்கு இடையிலான அகலம், வாய்க்காலின் அகலத்தோடு இருபுறமும் 100 மி.மீ. சேர்த்ததாக இருக்கட்டும். வெட்டிய இடத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவான கான்கிரீட் பட்டை மிஞ்சுமானால் அதை விட்டுவைக்காமல் சேர்த்தே எடுத்துவிடுவது மேல், அது பின்னால் நிச்சயம் விரிசல் விடும். 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மி.மீ. நீள்கிறது, அந்த நெருக்குதல் வாய்க்காலின் மெல்லிய சுவர்மேல் விழாமலிருக்க, புதுக் கான்கிரீட்டுக்கும் பழைய தளத்துக்கும் இடையே ஃபோம் பட்டை வைத்து, மேலே சீலன்ட் இட்டு மூட வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து என் முடிவைச் சொல்கிறேன். பக்கவாட்டில் தாழ்வான நிலம் இருந்தால் மூடியில்லாத தட்டை வாய்க்கால். இல்லையென்றால், சாதாரண வீட்டுப் பாதைக்கு, 100 மி.மீ. உள்ளகலமும் உள்வாட்டமும் கொண்ட பாலிமர் கான்கிரீட் துண்டுகளும் போல்ட் முடுக்கிய பி125 தர மூடியும். பாதை நீண்டு செங்குத்தாக இருந்து, நம்பிக்கையான கொத்தனாரும் கிடைத்து, வேலை நடக்கும் நாளில் உடனிருந்து மட்டம் பார்க்க நமக்கு நேரமும் இருந்தால் மட்டும், அங்கேயே வார்க்கும் அகலமான வாய்க்கால். எதைத் தேர்ந்தாலும் வெளிவாய்க்கு முன்னால் வண்டல் தங்கும் சிறு தொட்டி ஒன்று இருக்க வேண்டும். குழாய்க்குள் போன மண்ணை எடுப்பதைவிடத் தொட்டியில் விழுந்த மண்ணைக் கையால் அள்ளுவது எவ்வளவோ எளிது. அந்தத் தொட்டியின் அடியிலும் நீர் நிற்கும் என்பதால், அதைக் கொசு புகாத வலையால் மூடுவதும் வாரம் ஒருமுறை காலி செய்வதும் தூர்வாருபவரின் பொறுப்பில் அடங்கும்.

பதிக்கும் நாளில், வார்ப்பதற்கு முன் மூடிகளை அதனதன் இடத்தில் முடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூடிவிட வேண்டும். மூடி இல்லாமல் வார்த்தால் ஈரக் கான்கிரீட்டின் அழுத்தம் பக்கச் சுவர்களை உள்ளே தள்ளிவிடும், பிறகு மூடி உட்காராது. இருபுறமும் மாறிமாறிக் கொட்டி, கம்பியால் குத்தி இறக்க வேண்டும். முடிந்த கான்கிரீட் மட்டம் மூடியைவிட 3 முதல் 5 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும், மூடி உயர்ந்து நிற்கக் கூடாது. உயர்ந்தால் நீர் அதன் ஓரத்தில் தேங்கும், சக்கரம் அதன் விளிம்பை இடிக்கும். மேல்முனையில் ஒரு வாளி நீரை ஊற்றி அது முழுவதும் வெளிவாய்க்கு வந்து சேர்கிறதா என்று, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒருமுறையும் கொட்டிச் சமன்செய்த உடனே ஒருமுறையும் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை அனுப்ப வேண்டும். அதன்பின் ஏழு நாள் ஈரச்சாக்கு மூடி நீராற்றி, அதுவரை காரை வெளியிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.